ஆறு சதுர மீட்டர் பாயும் அரிசிச் சிப்பமும்

ஜூன் கடைசியில் ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்துக் களத்தில் பலகையில் நின்று பாயைப் பிடித்தபடி நீரில் ஓடும் விண்ட்சர்ஃபிங்குக்கான என்னுடைய 6.0 பாயை முதல்முறையாக முழுசாகக் கட்டி நிமிர்த்தினேன். இரண்டு நிமிடம்கூடப் பிடித்து நிற்க முடியவில்லை. காற்று ஒன்றும் பெரிய காற்று இல்லை, சில்வர் ஓக் இலைகள் அவ்வப்போது புரண்டு வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டும் அளவுதான், ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் என் பின்கையை யாரோ பற்றி இழுப்பது போல இருந்தது, பாய் என்னையும் சேர்த்துச் சுழற்றியது. பாயின் பின் விளிம்பு, அதாவது லீச், தலையிலிருந்து அடி வரை பறைத்தோல் மாதிரி விறைத்து நின்றது. அது அப்படி நிற்கக் கூடாது. ஏன் அப்படி நின்றது என்று கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது, ஒரு சிப்பம் அரிசியும் ஒரு தார்ப்பாய்க் கடைக்காரரும் தேவைப்பட்டார்கள். பழைய பாய் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சாமான்கள். ராமேஸ்வரத்தில் நான் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொண்டபோது பழக்கமான ஒருவர் ஊர் மாறும் சமயத்தில் பாய், அதைத் தாங்கும் கம்பமான மாஸ்ட், கையால் பிடிக்கும் குறுக்குச் சட்டமான பூம், மாஸ்டை நீட்டும் எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்தார். பலகை என்னிடம் இல்லை, அதை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். சேலத்தில் இருந்துகொண்டு பலகை வைத்து என்ன செய்வது? ஏற்காடு ஏரி குடும்பத்தோடு படகில் போகிற இடம், அங்கே இதை இறக்க நினைத்ததே இல்லை. மேட்டூர் அணை அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு, பார்க்கும்போதெல்லாம் மனசு அலைபாயும்தான், ஆனால் அனுமதி இல்லாமல் அணையில் இறங்குவது தப்பு. ஆனால் பாய் கட்டுவதற்குத் தண்ணீர் வேண்டாம். தரையிலேயே கட்டி, நிமிர்த்தி, அவிழ்த்து, மறுபடி கட்டிப் பழகலாம். கடலுக்குப் போன அன்று கட்டுவதிலேயே ஒரு மணி நேரம் போனால், சேலத்திலிருந்து மதுரை வழியாக அத்தனை தூரம் போனதில் ஒரு மணி நேரக் காற்று வீண். அதனால்தான் சொந்தப் பாய் வேண்டும் என்று நினைத்தேன்.

பாயின் அடிமூலையில் அச்சடித்திருந்தது இது: லஃப் 442, பூம் 178, மாஸ்ட் 430, ஐஎம்சிஎஸ் (மாஸ்டின் விறைப்பைக் காட்டும் எண்) 21. லஃப் என்பது மாஸ்ட் நுழைகிற முன் விளிம்பு, 442 என்பது இழுத்துக் கட்டிய பிறகு அதன் நீளம், செ.மீ. கணக்கில். மாஸ்ட் 430 என்றால் மீதி 12 செ.மீ.யை மாஸ்டின் அடியில் செருகுகிற எக்ஸ்டென்ஷன் கொடுக்க வேண்டும். அதில் 2 செ.மீ.க்கு ஒரு துளை இருக்கும், வளையத்தை நகர்த்திப் பூட்டிக்கொள்ளலாம். அதற்குக் கீழே யுனிவர்சல் ஜாயிண்ட், எந்தப் பக்கமும் வளையும் மூட்டு. 1968-ல் கலிஃபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனையின் உயிரே இந்த மூட்டுதான். சுக்கான் கிடையாது, பாயை முன்னே சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றைவிட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். பாயில் காற்று தள்ளும் மையம் எங்கே நிற்கிறது என்பதுதான் இதில் எல்லாமே, அதனால்தான் அந்த மையம் ஒவ்வொரு வீச்சுக்கும் பின்னால் ஓடுகிற பாயோடு மல்லுக்கட்ட முடியாது.

மாமாவின் களத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியும் கொடிக்கம்பியும் போக நாலரை மீட்டர் நீளத்தைத் திருப்ப இடமில்லை. களம் என்பது டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழத்தைக் காயப்போடும் சிமெண்ட் தரை, ஜூனில் காலியாகக் கிடக்கும், தென்மேற்குப் பக்கம் சரிவு என்பதால் காற்றுக்குத் தடையில்லை. மாஸ்ட் இரண்டு துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பாயைச் சுருட்டினால் அதுவும் ஏறக்குறைய அதே நீளம். எல்லாவற்றையும் கார் கூரையில் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவிலும் கயிறு அவிழவில்லையா என்று எட்டிப்பார்த்துக்கொண்டே ஏறினேன்.

களத்தில் தார்ப்பாய் விரித்து அதன் மேல்தான் பாயை வைத்தேன். இந்தப் பாய்களின் பெரும்பகுதி துணி கிடையாது, மோனோஃபிலிம் என்கிற கண்ணாடி போன்ற பாலியெஸ்டர் தாள். சிமெண்டில் ஒரு தடவை இழுத்தால் கோடு விழும். வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும், கசக்கி மடித்த இடத்தில் வெடிக்கும். சேலத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் தலையிலிருந்து அடியை நோக்கி, பேட்டன்களுக்கு, அதாவது பாயின் குறுக்கே உறைகளில் செருகியிருக்கும் விறைப்பான பட்டைகளுக்கு, இணையாகச் சுருட்டி உடனே பையில் போட்டுவிட வேண்டும்.

மாஸ்ட் இரண்டு துண்டும் சேரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் செருகினேன். மணல் ஒட்டியிருந்தால் முழுசாக உட்காராது, ஒரு செ.மீ. இடைவெளி விட்டுக் கட்டினால் மொத்த வளைவும் அந்த இணைப்பில் இறங்கி மாஸ்ட் அங்கேயே வெடித்துவிடும். எக்ஸ்டென்ஷனை 12-ல் பூட்டி, மாஸ்டை லஃப் உறைக்குள் தலை வரை தள்ளி, அடியில் டவுன்ஹால் கயிற்றைக் கோத்தேன். டவுன்ஹால் என்பது பாயைக் கீழ்நோக்கி இழுக்கிற கயிறு. பாயின் அடிமூலையில் மூன்று சின்னக் கப்பிகள், எக்ஸ்டென்ஷனிலும் கப்பிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறி மாறிப் போகும், கயிறு ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழாமல் கோத்தால்தான் இழுவை சுலபம். தரையில் உட்கார்ந்து, மாஸ்ட் அடியில் காலை முட்டுக்கொடுத்து, கயிற்றில் ஒரு குச்சியைச் சுற்றி இடுப்பிலிருந்து இழுக்க வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் விரல் அறுபடும். இழுத்தேன். பாயின் கப்பியும் எக்ஸ்டென்ஷன் கப்பியும் முட்டும் வரை இழுத்தேன். அதற்கு மேல் இழுக்க வழியே இல்லை. சரி, 12 என்று போட்டிருக்கிறது, 12-ல் முட்டிவிட்டது, கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

பூமை மார்பு உயரத்தில் மாட்டி, பின்மூலைக் கயிற்றை, அதாவது அவுட்ஹாலை இழுத்துக் கட்டினேன். நம் கடற்கரையில் பாய் கட்டுகிறவர்கள் பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றுக்கு நெருங்கிய உறவு என்று இதைச் சொல்லலாம், ஆனால் இதைப் பூமின் முனையோடு கட்டிவிடுவோம். பாய் தொப்பை போட்டது போல இருந்ததால் தட்டையாக்கலாம் என்று அவுட்ஹாலை இன்னும் இன்னும் இழுத்தேன். நிமிர்த்தினேன். அப்புறம்தான் மேலே சொன்ன மல்லுக்கட்டு.

மாமா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏங்கண்ணு, பாய் நல்லா வெறப்பாத்தான நிக்குது, ஏன் உன்னத் தூக்கிட்டுப் போவுது?"

"வெறப்பா நிக்கறதுதானுங் மாமா தப்பு. மேல் பாதியில பின்னாடி ஓரம் தளந்து கெடக்கணும்."

"தளந்து கெடந்தா காத்து ஓடிப்போயிருமே?"

ஓடத்தான் வேண்டும். மாமாவுக்கு அன்று சொன்னதையே இங்கேயும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் நான் முதல் ஒரு வருடம் வாடகைப் பாய்களையும் தப்பாகவே கட்டிக்கொண்டிருந்தேன். காற்றின் வேகம் கூடும்போது தள்ளும் விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். 15 நாட் காற்று, அதாவது மணிக்கு சுமார் 28 கி.மீ., ஒரு வீச்சில் 20 நாட் ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, விசையோ ஏறக்குறைய 1.8 மடங்கு. அந்த எக்கச்சக்கத்தை மனுஷக் கை தாங்காது, பாய்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். டவுன்ஹாலைப் பலமாக இழுக்கும்போது மாஸ்டின் நுனி பின்னோக்கி வளையும். பாயின் முன் விளிம்பை நேர்கோடாக வெட்டியிருக்க மாட்டார்கள், வில் போல வெட்டியிருப்பார்கள். மாஸ்ட் அந்த வில்லோடு ஒத்து வளைந்ததும் முன்பக்கம் இறுகி வடிவம் நிலைக்கும், மேல்பாதி லீச் தளர்ந்து தொங்கும். வீச்சு வரும்போது தளர்ந்த மேல்பகுதி கதவு மாதிரி திறந்து அதிகப்படிக் காற்றை வெளியே விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். லீச் விறைப்பாக இருந்தால் திறக்க வழியில்லை, தள்ளும் மையம் பின்னால், மேலே என்று ஓடும், பின்கை கழன்று போகிற மாதிரி ஆகும்.

தரையில் கிடக்கும்போது பார்த்தால் சரியாகக் கட்டிய பாய் கெட்டுப்போன பாய் மாதிரிதான் இருக்கும். மேலே இரண்டு பேட்டன்களுக்கு நடுவே லீச் ஓரம் லொடலொட என்று சுருங்கிக் கிடக்கும். புதுசாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து பயந்து டவுன்ஹாலைக் குறைப்பார்கள், அவுட்ஹாலைக் கூட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்துவந்தேன். ஆனால் இந்த முறை டவுன்ஹாலை விட்டுவைக்கவில்லை, கப்பி முட்டும் வரை இழுத்தும் லீச் அசையவில்லை. அதுதான் எனக்குப் புதிராக இருந்தது.

அன்று இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. அரை மணி கழித்துப் பார்த்தால் முட்டிக்கொண்டிருந்த கப்பிகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. பழைய கயிறு நைந்துபோனதால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் நைலான் கயிறு வாங்கிப் போட்டிருந்தேன், அது நீண்டுவிட்டது. நைலான் நீளும், கிணற்று வாளிக்கும் கூடாரத்துக்கும் அது பரவாயில்லை, டவுன்ஹாலுக்கு ஆகாது. 4 மி.மீ. டைனீமா கயிறு வரவழைத்து மாற்றினேன். விலை பல மடங்கு, ஆனால் நீளவே இல்லை. இது ஒரு கோளாறு, ஆனால் முதல் நிமிடத்திலேயே லீச் விறைப்பாக இருந்ததற்கு இது காரணம் ஆகாது.

அப்புறம் சந்தேகப்பட்டது மாஸ்டை. அதில் ஒட்டியிருந்த விவரம் முழுக்கச் சுரண்டப்பட்டிருந்தது, 430 என்று நான் டேப் வைத்து அளந்ததுதான். நீளம் சரியாக இருந்தாலும் விறைப்பு வேறாக இருந்தால் வளைவு பாயின் வில்லோடு ஒத்துப்போகாது. மாஸ்ட் ரொம்ப விறைப்பு, வளைய மறுக்கிறது, அதனால்தான் லீச் திறக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். புது மாஸ்ட் தேடவும் ஆரம்பித்தேன். நல்லவேளையாக அளந்து பார்த்துவிட்டு வாங்கலாம் என்று தோன்றியது.

ஐஎம்சிஎஸ் என்பதை வீட்டிலேயே அளக்கலாம். மாஸ்டின் இரண்டு முனைகளையும் தாங்கலில் வைத்து, நடுவில் 30 கிலோ தொங்கவிட வேண்டும். மாஸ்டின் நீளத்தை நடுவில் இறங்கிய அளவால் வகுத்தால் வருகிற எண்தான் அது. 430 செ.மீ. மாஸ்டுக்கு 21 வர வேண்டும் என்றால் இருபதரை செ.மீ. இறங்க வேண்டும். 30 கிலோவுக்கு எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை, லீ பஜாரில் வாங்கி வந்த 25 கிலோ பொன்னி அரிசிச் சிப்பம் பிரிக்காமல் இருந்தது, அதோடு 5 கிலோ பை ஒன்று. தெருமுனை மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் நிறுத்து, கூடுதலாக இருந்த கால் கிலோவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குத் தூக்கிப்போனேன். மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டால் கார்பன் குழாயை ஒரே இடத்தில் நசுக்கும், அதனால் பழைய சேலையை நாலாக மடித்துத் தூளி மாதிரி கட்டினேன். வெயில் தாழ்ந்த பிறகு, காற்றில்லாத நேரத்தில், இரண்டு மர முக்காலிகளின் மேல் மாஸ்டை வைத்து, முனைக்கு முனை ஒரு நூல் கட்டி அளந்தேன்.

இதில் ஒரு கவனம் வேண்டும். மாஸ்ட் அடியில் தடிமன், நுனியில் மெல்லிசு, தன் எடைக்கே கொஞ்சம் தொய்யும். எடை மாட்டுவதற்கு முன் ஒரு அளவு, மாட்டிய பின் ஒரு அளவு, வித்தியாசம்தான் கணக்கு. நான் முதல் தடவை அதை விட்டுவிட்டு 19 என்று வந்து குழம்பினேன். ஒழுங்காக மூன்று தடவை அளந்ததில் நடு இறக்கம் 20.3 செ.மீ. 430-ஐ 20.3-ஆல் வகுத்தால் 21.2. பாயில் போட்டிருந்தது 21. மாஸ்ட் விறைப்பெல்லாம் இல்லை.

விறைப்பு சரி, வளைவின் வடிவம்? அதே எடை நடுவில் தொங்கும்போதே அடியிலிருந்து கால் பாகத்திலும் முக்கால் பாகத்திலும் இறக்கத்தை அளந்து, நடு இறக்கத்தில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். அடிப்பக்கம் 13.1, அதாவது 64.5 சதவீதம். நுனிப்பக்கம் 15.4, அதாவது 75.9 சதவீதம். வித்தியாசம் 11.4. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வந்தால் அது கான்ஸ்டன்ட் கர்வ், பொதுவாகப் பெரும்பாலான பாய்களுக்கு ஒத்துப்போகிற வளைவு. அதைவிடக் குறைந்தால் நுனி விறைப்பான மாஸ்ட், நிறையக் கூடினால் நுனி துவளும் மாஸ்ட். என் மாஸ்டில் எந்தக் குற்றமும் இல்லை. ஒரு பெரிய செலவு மிச்சம், ஆனால் புதிர் அப்படியே நின்றது.

இதற்கு நடுவில் பாயில் ஒரு கிழிசல் தைக்க வேண்டியிருந்தது. நாலாவது பேட்டன் உறையின் பின்முனையில் தையல் விட்டுப்போய் இரண்டு அங்குலம் பிரிந்திருந்தது. சேலத்தில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைகள் நிறைய உண்டு, அப்படி ஒருவரிடம் கொண்டுபோனேன். அறுபது வயதிருக்கும், தாளை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல ஊசி நெருக்கமா எறங்குனா ஸ்டாம்பு ஓரம் மாதிரி கிழிஞ்சிரும்" என்றார். எனக்கு அந்த நிமிடமே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. பிரிந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பழைய தையல் துளைகளுக்கு மேல் இரண்டு பக்கமும் பாய் ஒட்டும் பட்டையை ஒட்டி, அதன் மேல் நீளமான எட்டில் ஜிக்ஜாக் தையல் போட்டார். புது ஓட்டைகளைக் கூடியவரை குறைத்துவிட்டார்.

தைத்து முடித்து மடிப்பதற்காகப் பாயின் தலையைப் பிடித்தவர், "இந்த வார் ஏன் இவ்ளோ எறங்கி இருக்கு?" என்று கேட்டார். பாயின் உச்சியில் மாஸ்ட் நுனி உட்காருவதற்கு ஒரு தொப்பி இருக்கும், அதைப் பாயோடு பிடித்திருப்பது ஒரு வார், அதற்கு ஒரு பக்கிள். நான் களத்திலேயே தலையைத் தொட்டுப் பார்த்திருந்தேன், நுனி தொப்பிக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது, அதனால் அங்கே கோளாறு இல்லை என்று விட்டுவிட்டேன். வாரைப் பார்க்கவில்லை. சில பாய்களில் இந்த வாரை இளக்கி நீளமான மாஸ்டையும் போட்டுக்கொள்ளலாம், அதற்குத்தான் பக்கிளே வைத்திருக்கிறார்கள். முன்பு வைத்திருந்தவர் எப்போதோ நீளமான மாஸ்டுக்காக இளக்கியிருக்கிறார். அளந்தேன், 3 செ.மீ.

அவ்வளவுதான் விஷயம். வார் 3 செ.மீ. இறங்கினால் பாய் முழுவதுமே மாஸ்டில் 3 செ.மீ. கீழே வந்து உட்காரும். அடிமூலைக் கப்பி ஏற்கெனவே கீழே இருப்பதால், தேவையான இழுவை ஏறுவதற்குள்ளேயே எக்ஸ்டென்ஷன் கப்பியில் போய் முட்டிக்கொள்ளும். கப்பி முட்டியதை நான் இழுவை முடிந்ததாக எடுத்துக்கொண்டேன். டவுன்ஹாலில் கடைசி 3 செ.மீ.யில்தான் மாஸ்ட் நிஜமாக வளைந்து லீச் திறக்கிறது, அந்த 3 செ.மீ. எனக்குக் கிடைக்கவே இல்லை. கடைக்காரர் வாரை இழுத்து இறுக்கி, மறுபடி வழுக்காதபடி நுனியில் நாலு தையல் போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பூமிலும் ஒரு வேலை இருந்தது. என் மாஸ்ட் மெல்லிய வகை, பூமின் முன்பிடி தடித்த மாஸ்டுக்கு ஆனது. நடுவில் போடும் வளையம் தொலைந்துபோயிருந்தது. முதல் நாள் சைக்கிள் ட்யூபைச் சுற்றி இறுக்கினேன், ஒவ்வொரு வீச்சுக்கும் பூம் விரற்கடை கீழே இறங்கியது, தவிர ரப்பர் சுருண்ட இடத்தில் பிடி ஒரு பக்கமாக அழுத்தி மாஸ்டில் லேசான தடம். அதை யாரும் செய்ய வேண்டாம், தண்ணீரில் நடுவே மாஸ்ட் ஒடிந்தால் நீந்தித்தான் கரை சேர வேண்டும். பூம் மாட்டும் உயரத்தில் மாஸ்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, பிடியின் உள்விட்டத்தையும் அளந்து, லேத் பட்டறையில் நைலான் கட்டையில் கடைந்து நெடுக்காக இரண்டாகப் பிளந்து வாங்கினேன். முதலில் கடைந்தது அரை மில்லிமீட்டர் லூசு, இரண்டாவது கச்சிதம். உள்விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிவிட்டேன், கூரான ஓரம் கார்பனை வெட்டும்.

கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விட்ட அன்று மறுபடி ஏற்காடு. ஆடி மாதம், களத்தைச் சுற்றி சில்வர் ஓக் மரம் மொத்தமும் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், பாத்துப் புடி கண்ணு" என்று மாமா முன்கூட்டியே எச்சரித்தார்.

எக்ஸ்டென்ஷன் அதே 12. பேட்டன் திருகுகளை அறுகோணச் சாவியால் எல்லாவற்றையும் இளக்கிவிட்டேன். டவுன்ஹாலை முக்கால்வாசி இழுத்து, பூமை மாட்டி, அவுட்ஹாலை லேசாகப் பிடித்து, அப்புறம் மீதி டவுன்ஹால். இந்த வரிசையில் செய்தால் பேட்டன்களின் முன்முனை மாஸ்டில் சிக்காமல் பின்வாங்கிக்கொள்ளும், கடைசி இழுவையும் கொஞ்சம் இலகுவாகும். இலகு என்றாலும் முழு உடம்பையும் போட்டுத்தான் இழுத்தேன். கப்பிகளுக்கு நடுவே ஒரு செ.மீ. மிச்சமிருக்கும்போது மேல் இரண்டு பேட்டன்களுக்கு இடையே லீச் திடீரென்று விட்டுக்கொடுத்தது. இறுகிக்கொண்டே போன தாள் தளர்ந்து அலை அலையாகச் சுருங்கியது. லீச்சுக்கும் மாஸ்டுக்கும் இடையே பாதி தூரம் வரை அந்தத் தளர்ச்சி ஓடியது. ஒன்றரை மாதமாக நான் பார்க்க ஏங்கிய காட்சி அது, தரையில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேட்டன்களை அதற்குப் பிறகுதான் இறுக்கினேன். உறையின் குறுக்கே செல்லும் சுருக்கங்கள் மறையும் வரை திருக வேண்டும், மறைந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் திருகினால் தொப்பை கூடும், பாய் பக்கம் மாறும்போது பேட்டன் மாஸ்டைச் சுற்றித் திரும்ப அடம்பிடிக்கும். அவுட்ஹாலைப் பொறுத்தவரை, பின்மூலை தானாக எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குறி, அதிலிருந்து 2 செ.மீ. மட்டும் இழுத்தேன். முதல் நாள் நான் இழுத்தது 6, 7 செ.மீ. இருக்கும். காற்று குறைவாக இருந்தால் இந்த 2-ஐயும் குறைத்து அடிப்பகுதியில் தொப்பை விடலாம், பாய் பூமில் உரச ஆரம்பித்தால் அது அளவு மீறிவிட்டது.

மூட்டை ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வைத்து நிமிர்த்திப் பிடித்தேன். பூமில் ஒரே கையை வைத்துப் பாய் எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று தேடினேன். முதல் நாள் அந்த இடம் மாஸ்டிலிருந்து 64 செ.மீ. தள்ளி இருந்தது, வீச்சு வந்தால் இன்னும் பின்னால் ஓடும். இப்போது 57. வீச்சு வந்தபோது பாயின் மேல்பகுதி பட்டென்று திறந்து மூடியது, கைக்கு ஒரு உதைப்புக்கூட இல்லை, 57-ல் வைத்த கை 57-லேயே இருந்தது. மாமாவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தவர், ஒரு வீச்சு கடந்ததும், "இது மாட்டு மூக்கணாங்கயிறு மாதிரி இருக்குது கண்ணு, சொன்ன பேச்சு கேக்குது" என்றார்.

ஏற்காட்டில் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 13 சதவீதம் குறைவு. ஒரே வேகத்தில் வீசினாலும் கடலில் அதே பாய் கூடுதலாக இழுக்கும். அதனால் ஆகஸ்ட் கடைசியில் ராமேஸ்வரம் போனபோது டவுன்ஹாலை இன்னும் அரை செ.மீ. இழுத்துவிட்டு ஆரம்பித்தேன். கச்சான் காற்று நன்றாக அடித்த மதியம் அது. பலகை வாடகை, பாய் என்னுடையது, கரையில் கட்டி முடிக்கப் பதினெட்டு நிமிடம். இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டிக்கொள்ளும் ஹார்னஸ் கயிறுகளைக் களத்தில் குறித்த 57-க்கு இரண்டு பக்கமும் சமமாக மாட்டியிருந்தேன், தண்ணீரில் அதை ஒரு விரல் அளவு பின்னால் தள்ளியதோடு சரி. முதல் பெரிய வீச்சில் பழக்கதோஷத்தில் பின்கையை இளக்கினேன், பாய் அதற்குள் தானே திறந்துவிட்டதால் பலகை வேகமிழந்து நின்றது. இரண்டாவது வீச்சில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் சாய்த்தேன். பலகை எழும்பி ஓட ஆரம்பித்தது, அன்று இருட்டும் வரை நான் கரையில் கால்வைக்கவில்லை.

பையின் உள்மூடியில் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்: வார் முழு இறுக்கம், எக்ஸ்டென்ஷன் 12, கப்பி இடைவெளி கடலில் அரை, மலையில் 1, அவுட்ஹால் 2, கயிறு 57. உச்சிப் பேட்டனின் திருகு மட்டும் உப்பேறி இறுகிவிட்டது, சாவி வழுக்குகிறது. இந்த ஞாயிறு அதை வெந்நீரில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும்.